வாரத்துக்கு ஒரு பொய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பஸ் டிரைவர் இன்னொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூச்சு விடாமல் குடித்து முடித்தார். ஏற்கெனவே காலியானவை பெஞ்சுக்கு அடியில் உருண்டு கிடந்தன.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி படுத்திருந்தார். ஊருக்கு அவர் பேங்க் மேனேஜர். நேற்றுச் சாயங்காலம் பேங்க்கிலிருந்து வந்து, அலுப்பாக இருக்கிறது என்று படுத்தவர், காலையில் எழுப்பினால் எழவில்லை. உடம்பில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவருடைய கைப்பையைத் திறந்த இன்ஸ்பெக்டருக்கு உள்ளே ஓர் அட்டைப் பெட்டி கிடைத்தது. உடம்பு இளைப்பதற்கு வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிற ஊசி. மார்க்கெட் முனை மருந்துக்கடையின் முத்திரை. பெட்டிக்குள் பேனா மாதிரி ஊசி. அதன் மேல் ஒரு ஸ்டிக்கரும் இல்லை. மொட்டை.

"போலி," என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். ஆறு மணிக்குள் மேலதிகாரியின் கையெழுத்து வந்துவிடும். வந்ததும் கடைக்காரம்மாவைக் கைது செய்து கடைக்குச் சீல் வைப்பார்கள்.

அந்தக் கடைக்காரம்மாதான் வக்கீலம்மாவுக்குப் போன் செய்து அழுதவர். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. இப்போது மற்றவர்கள் தொலைத்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பது தொழில். கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்த பட்டாசும் கூடவே வந்துவிட்டாள். அவள் வாயைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் ஒரு நீதிபதி.

"சர்க்கரை வியாதி இல்லாதவங்களுக்கு இந்த இளைக்கிற ஊசி மட்டும் இவ்வளவு இறக்காது," என்றார் டாக்டர். இளம் பெண், தூங்கி இரண்டு நாள் ஆனவர் போல் கண்கள். "உள்ள இன்சுலின் இருந்திருக்கணும். என்ன இன்சுலின், எவ்வளவுன்னு லேப் சொல்ல நாளைக்கு ஆகும்."

"இப்ப எப்படி இருக்காங்க?" என்றார் வக்கீலம்மா.

"டிரிப்ல குளுக்கோஸ் போறதால சர்க்கரை ஏறியிருக்கு. ஆறு மணிக்கு டிரிப்பை எடுத்துட்டு சாதாரண வார்டுக்கு மாத்தறோம். கீழ கட்டில் இல்லாம மூணு பேர் காத்திருக்காங்க."

"மறுபடி இறங்காதே?"

"சீக்கிரம் வேலை செய்யற இன்சுலின்னா இதுக்குள்ள வீரியம் தீர்ந்திருக்கும். மெதுவா, நாள் முழுக்க வேலை செய்யற ரகமா இருந்தா..." டாக்டர் கதவுக்குள் பார்த்தார். "இருந்தா ராத்திரி தூக்கத்துலயே இறங்கும். பக்கத்துல இருக்கிறவங்க தூங்கறாங்கன்னு நெனைச்சுப்பாங்க. எதுன்னு தெரிஞ்சா கட்டிலை நான் விடவே மாட்டேன்."

வக்கீலம்மா டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்க வீட்ல வேற யாராவது ஊசி போட்டுக்கிறாங்களா?"

"எங்க வீட்லயா? ஊசின்னா மாடியேறி ஒளிஞ்சுக்கிற குடும்பம்மா எங்களுது." அவர் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். "போலீஸ்ல சொன்னதுதான் உங்ககிட்டயும். நேத்துதான் முதல் தடவையா இதைப் போட்டிருக்கா. முதல் ஊசியே எமன் ஆயிடுச்சு. அந்தக் கடைக்காரியை உள்ள தள்ளாம விடமாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினார். நர்ஸ் கொண்டுவந்து நீட்டிய சின்ன பிளாஸ்டிக் உறையை அவர் வாங்கவில்லை. அது பெஞ்சிலேயே கிடந்தது. மேனேஜர் கையிலிருந்து கழற்றிய மோதிரமும் வாட்ச்சும்.

"பாவம்," என்றாள் பட்டாசு. "அழுது அழுது தாகம். தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வாந்தி."

வக்கீலம்மா அந்த உறையைக் கையில் எடுத்தார். உறை வழியாக மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்வளையத்தில் நூல் சுற்றியிருந்தது. சுற்றி, அதன் மேல் இன்னொரு தடவையும் சுற்றியிருந்தது.

"பட்டாசு, மோதிரத்துக்கு எப்ப நூல் சுத்துவோம்?"

"விரல் இளைச்சா. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லக்கா. என் மோதிரத்தை எடுக்கணும்னா சோப்பு, எண்ணெய், ரெண்டு ஆள் வேணும்."

"நேத்து ஊசி போட்டு, ராத்திரிக்குள்ள விரல் இளைக்குமா?"

பட்டாசு வாயை மூடினாள். அது அபூர்வம்.

*

மருந்துக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வக்கீலம்மா குனிந்து உள்ளே போனார். பட்டாசு தவழ்ந்தாள்.

"எனக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருந்த காலத்துல குனிஞ்சுதான் போவேன்," என்றாள் முழங்காலைத் தட்டிவிட்டபடி.

கடைக்காரம்மா கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தவர் மாதிரி இரண்டு கையையும் கண்ணாடி மேல் ஊன்றியிருந்தார்.

"நான் விக்கும்போது ஸ்டிக்கர் இருந்துச்சு வக்கீலம்மா. என் பிள்ளைங்க மேல சத்தியம். ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்து, தேதி பார்த்து, அவங்க கையிலயே காட்டினேன்."

"அவங்க வாங்கின அன்னிக்கு இந்த ஊசி எத்தனை வந்துச்சு?"

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு மேனேஜருக்கு. இன்னொண்ணு மத்தியானம் ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க." அவர் குரல் இறங்கியது. "என்னுது போலின்னா அதுவும் போலிதானே? அந்த அம்மா எங்க இருக்காங்களோ, எப்பப் போட்டுக்கப் போறாங்களோ. எனக்கு ஜெயிலை விட அதுதான் பயமா இருக்கு."

"யாரு அவங்க?"

"பேர் கேட்டா சொல்லலை. இந்த ஊசிக்கு வர்ற யாரும் சொல்றதில்ல. ஏதோ திருட்டுச் சாமான் வாங்கற மாதிரி கூட்டம் குறையற வரைக்கும் காத்திருந்து, இருமல் மருந்து வேணும்னு ஆரம்பிப்பாங்க."

"பாம்பின் கால் பாம்பறியும்," என்றாள் பட்டாசு. "நானும் போன வாரம் இங்க வந்து இருமிட்டுத்தான் போனேன்."

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார்.

"முறைக்காதீங்கக்கா. மாசாமாசம் வர்றது நின்னுச்சு. அந்த இடத்துக்கு வயிறு குடிவந்துடுச்சு. அரை வயித்துக்குத் தின்னாலும் முழு வயிறாத் தெரியுது. டாக்டர்கிட்ட போனா ரெண்டு ஊசியைச் சொல்லி, யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. தினம் ஒண்ணு போடறதா, வாரம் ஒண்ணு போடறதா? பொண்ணு பார்க்கப் போனவனுக்கு அக்காவையும் தங்கச்சியையும் சேர்த்துக் காட்டின கதை."

"தினம் போடறதுல ஒரு சௌகரியம் இருக்கு," என்றார் கடைக்காரம்மா. பயத்திலும் தொழில் பேச்சு தானாக வந்தது. "ஒத்துக்கலைன்னா நிறுத்திடலாம், ஒண்ணு ரெண்டு நாள்ல உடம்பை விட்டுப் போயிடும். வாரத்துதுல இளைக்கிறது அதிகம். ஆனா குமட்டல் வந்தா சொல்லிக்காம வந்த விருந்தாளி மாதிரி, லேசுல கிளம்பாது. எதைப் போட்டாலும் பட்டினி கிடக்கக் கூடாது. நம்ம வயசுல கொழுப்போட சேர்ந்து சதையும் கரையும்."

"அந்த ரெண்டாவது அம்மாவும் எதுன்னு கேட்டாங்களா?" என்றார் வக்கீலம்மா.

"வாரத்துதுதான்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாங்க. எங்க போடறதுன்னு மட்டும் கேட்டாங்க. வயிறு, தொடை, மேல்கை, எதுல வேணா போடலாம்னேன். தொடையும் கையும் வேண்டாம், எல்லாரும் பார்ப்பாங்க, வயித்துல போட்டா யாருக்கும் தெரியாதுன்னாங்க."

பட்டாசு புருவத்தைத் தூக்கினாள். "ஐம்பது வயசுல தொடையை ஊருக்கே காட்டிட்டு, வயித்தை மட்டும் மூடிக்கிற உத்தியோகமா? கொடுத்து வெச்ச மகராசி."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இந்தச் சின்னக் கடையில, எதிர்ல நிக்கிற எங்கிட்ட கத்திக் கத்திப் பேசினாங்க. தலைமுடி தேங்காய் நார் மாதிரி வறண்டு கிடந்துச்சு. பேசும்போதெல்லாம் தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, இந்தக் காதை இப்படித் தட்டிக்கிட்டாங்க."

கடைக்காரம்மா உள்ளங்கையால் காதைத் தட்டிக் காட்டினார்.

வக்கீலம்மாவும் பட்டாசும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"காதுல தண்ணி!" என்றாள் பட்டாசு.

"நீச்சல்குளம்," என்றார் வக்கீலம்மா. "குளத்தோட அந்தக் கோடியில இருக்கிற பிள்ளைங்களைக் கத்திக் கூப்பிட்டுப் பழகின தொண்டை. தினமும் மருந்துத் தண்ணியில ஊறின முடி. நீச்சல் உடையில தொடை தெரியும், வயிறு தெரியாது. ஸ்கூட்டரை எடு."

"இன்னிக்குப் போட்டுட்டாங்கன்னா?" என்றார் கடைக்காரம்மா.

அதற்குப் பதில் சொல்ல அவர்கள் அங்கே இல்லை.

*

பெண்கள் நேரம் முடிந்து குளம் காலியாக இருந்தது. தரையில் ஈரக் கால்தடங்கள் உடை மாற்றும் அறை வரைக்கும் போயின. பட்டாசு வழுக்கினாள், சுவரைப் பிடித்தாள், மறுபடி ஓடினாள்.

அறைக்குள், ஈர உடைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, அகலமான தோள்களுடன் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில். வயிற்றுத் தோலை ஒரு கையால் கிள்ளிப் பிடித்திருந்தார். மறு கையில் பேனா. ஊசி முனை தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர்! அமுக்காதீங்க!"

பட்டாசு போட்ட சத்தத்தில் ஓட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. நீச்சல் டீச்சர் திடுக்கிட்டு ஊசியைத் துண்டுக்குள் ஒளித்தார். முகம் சிவந்துவிட்டது.

"யார் நீங்க? இது... இது சும்மா சத்து ஊசி."

"எங்ககிட்ட எதுக்கு டீச்சர் ஒளிக்கிறீங்க? என் வயித்தைப் பாருங்க, நான் உங்க கட்சி."

வக்கீலம்மா நடந்ததைச் சொன்னார். மேனேஜர் ஆஸ்பத்திரியில் என்றதும் நீச்சல் டீச்சர் எழுந்தேவிட்டார்.

"நேத்து ராத்திரி போன் பண்ணலையேன்னு நெனைச்சேன். எப்பவும் பண்ணுவாங்க. போட்டாச்சான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவோம்."

"எப்பவும்னா?" வக்கீலம்மாவின் குரல் கூர்மையானது. "நேத்துதானே அவங்களுக்கு முதல் ஊசி?"

"யார் சொன்னா? அவங்க ஏற்கெனவே ரெண்டு வாரம் போட்டாச்சு. நானும்தான். இதே பேனாவுல. நேத்து அவங்களுக்கு மூணாவது, இன்னிக்கு எனக்கு."

அவர் துண்டுக்குள்ளிருந்து பேனாவை எடுத்துக் காட்டினார். ஸ்டிக்கர் ஒழுங்காக, ஒரு மடிப்பு இல்லாமல் இருந்தது.

பட்டாசு விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். "உள்ள இன்சுலின் இருந்தா நீங்க முதல் வாரமே குளத்துக்கு அடியில போயிருப்பீங்க. அப்ப உங்களுது அசல். மேனேஜரோடதும் ரெண்டு வாரம் அசல். மூணாவது வாரம் மட்டும் எப்படிக் கெட்டுச்சு?"

"கெடலை. மாறியிருக்கு," என்றார் வக்கீலம்மா. "கடையில இல்ல. வீட்ல." அவர் நீச்சல் டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அவங்களை எப்படித் தெரியும்?"

"டாக்டர் ரூம் வாசல்லதான் பழக்கம். ரெண்டு பேருமே முகத்தைப் பத்திரிகையால மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். பத்திரிகை தலைகீழா இருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க. அப்புறம் எதை எடுக்கறதுன்னு பேசிப் பேசி அங்கேயே முடிவு பண்ணோம். எனக்கு மறுநாள் லீவு இருக்கணும், குமட்டிச்சுன்னா படுத்துக்கலாம். அதனால வாரத்து ஊசி. அவங்க காரணம் வேற. தினம் போட்டா தினம் ஒரு பொய் சொல்லணும், இதுன்னா வாரத்துக்கு ஒரு பொய் போதும்னாங்க."

"வீட்டுக்காரர் திட்டுவாரா?"

"திட்டமாட்டாராம். சிரிப்பாராம். அதுக்குத் திட்டே தேவலைன்னாங்க."



"ஃப்ரிட்ஜுல வைக்கணுமே. எங்க ஒளிச்சு வெச்சாங்க?" என்றார் வக்கீலம்மா.

நீச்சல் டீச்சர் யோசித்தார். "அது ஒரு மாதிரி சொன்னாங்க. எங்க ஃப்ரிட்ஜுல ஏற்கெனவே ஒரு ரகசியம் இருக்கு, அது மேலயே என் ரகசியத்தையும் வெச்சுட்டேன், அங்க மொட்டையா இருந்தாத்தான் யாருக்கும் தெரியாதுன்னு ஸ்டிக்கரைப் பிச்சுட்டேன்னு. அடையாளத்துக்கு மூடியில சிவப்பா நகப்பூச்சு வெச்சிருக்காங்களாம். ஊசி போடற நாள் காலையில கைப்பையில இருக்கிற காலி அட்டைப் பெட்டிக்குள்ள எடுத்துப் போட்டுக்கிட்டு, சாயங்காலம் பேங்க்லயே போட்டுக்கிட்டு, திரும்ப வந்து வெச்சுடுவாங்க. அந்த இன்னொரு ரகசியம் என்னன்னு நான் கேக்கலை."

வக்கீலம்மா நெற்றியில் கை வைத்தார்.

"பட்டாசு, இன்சுலின் போட்டுக்கிற ஒருத்தர் பஸ் ஓட்டலாமா?"

"டெப்போவுக்குத் தெரிஞ்சா சீட்டுல இருந்து இறக்கிடுவாங்க. டிக்கெட் கிழிக்கக்கூட விடமாட்டாங்க."

"அப்ப அவர் தன்னோட பேனாவுல இருக்கிற ஸ்டிக்கரை என்ன பண்ணுவார்?"

பட்டாசுவின் வாய் திறந்தது. "பிச்சுடுவார். டெப்போவுல எவன் கண்ணுலயாவது பட்டா..." அவள் வக்கீலம்மாவின் கையைப் பிடித்தாள். "அக்கா! அந்தத் தண்ணி பாட்டில்!"

"ஆமா. நாம அதை அழுகைன்னு நெனைச்சோம். தராசு மாதிரி, பட்டாசு. ஒரே வீட்ல ஒரு தட்டு இறங்கினா இன்னொரு தட்டு ஏறும். பெண்டாட்டிக்குச் சர்க்கரை இறங்கிக் கிடக்கு. புருஷனுக்கு ஏறிக்கிட்டு இருக்கு, அதான் தாகம். அவர் எடுக்கிற வாந்தி, இளைக்கிற ஊசியோட வாந்தி. நாம தேடின ரெண்டாவது பேனா இந்த டீச்சர்கிட்ட இல்ல. அந்த ஆளோட சட்டைப் பையில இருக்கு."

"இன்சுலின்னா தினமும் போட்டாகணும். இன்னிக்கும் சாயங்காலம்..."

"போடுவார். அது மட்டுமில்ல. டெப்போவுக்குத் தெரியாம வீட்ல தினம் ஒரு தடவைதான் போட முடியும். அப்ப அது எந்த ரகம்?"

டாக்டர் சொன்னது பட்டாசுவுக்கு ஞாபகம் வந்தது. நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற ரகம். ஆறு மணிக்கு டிரிப்பை எடுத்துவிடுவார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

*

படிகளில் ஏறும்போது பட்டாசுவுக்கு மூச்சு வாங்கியது; ஆனால் முன்னால் போனது அவள்தான். வராந்தா பெஞ்ச் காலி. கண்ணாடிக் கதவுக்குள் ஒரு வார்டுபாய் மேனேஜரின் கட்டிலைத் தள்ளுவதற்குத் தயாராகச் சக்கரத்தின் பூட்டை எடுத்துக்கொண்டிருந்தான். டிரிப் பாட்டில் கம்பியில் இல்லை.

"டாக்டரைப் பிடி," என்றார் வக்கீலம்மா. "நான் அவரைப் பார்க்கறேன்."

ஆண்கள் கழிப்பறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. யாரோ குமட்டும் சத்தம். பிறகு குழாய்ச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் வக்கீலம்மாவைப் பயமுறுத்தியது. கதவில் காதை வைத்தார். உள்ளே மெல்ல, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல, டிக், டிக், டிக்.

"திருப்பாதீங்க," என்றார் கதவைப் பார்த்து. "உங்க கையில இருக்கிறது உங்க பேனா இல்ல."

டிக் நின்றது.

"யாரு?"

"நேத்தும் அதைத்தான் போட்டீங்க. அப்போலருந்துதான் இந்த வாந்தி. தண்ணி எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கலை. எனக்கு உங்க விஷயம் தெரியும். கதவைத் திறங்க."

உள்ளே பேனா மூடியை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ் விலகியது. டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றார். உதடு வெடித்திருந்தது. கையில் மொட்டைப் பேனா.

"அம்மா, மெதுவாப் பேசுங்க," என்றார். "வெளிய இன்ஸ்பெக்டர் வர்ற சத்தம் கேக்குது. என் வேலை போயிடும்."

"நேத்துக்கு முன்னாடி என்னிக்காவது, ஃப்ரிட்ஜுல இருக்கிற உங்க டப்பாவுல ரெண்டு பேனாவைச் சேர்ந்தாப்பல திறந்தீங்களா?"

அவர் விழித்தார். "திறந்தேன். எதுல மருந்து மீதி இருக்குன்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். ரெண்டும் என்னுதுதானே."

"மூடியைத் திரும்பப் போடும்போது?"

"மூடியில என்ன இருக்கு? ரெண்டும் ஒரே மாதிரி. ஒண்ணுல சிவப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சு, அவ்வளவுதான்."

"அவங்க அடையாளம் வெச்சது மூடியிலதான். பேனாவுல இல்ல. ரெண்டும் ஒரே கம்பெனிப் பேனா, மூடி மாறினாலும் பொருந்தும். நீங்க மாத்திப் போட்டுட்டீங்க. சிவப்பு மூடியைப் பார்த்து அவங்க உங்க இன்சுலினை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மூணாவது வாரம். தைரியம் வந்திருக்கும். கண்ணாடி போடாம எண் தெரியாத வயசு; டிக் டிக்னு சத்தம் நிக்கிற வரைக்கும் திருப்பிப் போட்டிருக்காங்க."

டிரைவர் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"நிக்கிற வரைக்கும்னா..." அவர் பேனாவைப் பார்த்தார். "நான் போடறதைப் போல நாலு மடங்கு."

"அது எவ்வளவு நேரம் உடம்புல நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. இப்ப டிரிப்பை எடுத்துட்டாங்க."

வராந்தாவில் எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கையில் கையெழுத்தான தாள். அவருக்குப் பின்னால், ஒரு பெண் போலீஸ் முழங்கையைப் பிடித்திருக்க, கடைக்காரம்மா. பட்டாசு டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது, கழிப்பறை வாசல்ல மாநாடு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வக்கீலம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னால் அது ஊகம்; டிரைவர் மறுத்தால் இன்ஸ்பெக்டர் டிரைவரைத்தான் நம்புவார், டாக்டர் கட்டிலைத் தள்ளச் சொல்லிவிடுவார். 

டிரைவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பார்வை கடைக்காரம்மாவின் முகத்தில் நின்று, அங்கிருந்து கண்ணாடிக் கதவுக்குப் போனது. கட்டில் நகர ஆரம்பித்திருந்தது.

"கட்டிலை நிறுத்துங்க," என்றார். குரல் பாதியிலேயே வற்றியது. எச்சில் கூட்டி மறுபடி சொன்னார். "எனக்குச் சர்க்கரை இருக்கு. இன்சுலின் போட்டுக்கறேன். தினம் ஒரு தடவை, நாள் பூரா நிக்கிறது. அவ போட்டது என்னுது. போலீஸ்ல வீட்ல ஊசியே இல்லைன்னு நான் சொன்னது பொய். கடைக்காரம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

டாக்டர் அதற்கு மேல் கேட்க நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். "டிரிப்பை மாட்டு! விரல்ல சர்க்கரை பாரு, இப்பவே!" நர்ஸ் எண்ணைப் படிப்பது வெளியே கேட்டது. அதற்குள்ளேயே மறுபடி பாதி இறங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சாட்சிப் பையிலிருந்து மேனேஜரின் பேனாவை எடுத்தார். மூடியின் நுனியில் கடுகளவு சிவப்பு. அதைக் கழற்றி, டிரைவரின் பேனாவில் வைத்து அழுத்தினார். சிக்கென்று உட்கார்ந்தது. தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க கடைக்குப் போகலாம்," என்றார் கடைக்காரம்மாவிடம்.

"போறேன்," என்ற கடைக்காரம்மா, காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அழுதார். பட்டாசு பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைச் சுற்றிக் கை போட்டாள்.

"அழுங்க, அழுங்க. இதுலயும் கொஞ்சம் எடை குறையும்."

"உனக்கு எந்த ஊசி வேணும்னு முடிவு பண்ணியா?" என்றார் கடைக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பண்ணிட்டேன். எதுவா இருந்தாலும் ஸ்டிக்கரோட வேணும். ஃப்ரிட்ஜுல முதல் தட்டுல, பாலுக்குப் பக்கத்துல வைப்பேன். வீட்ல எவன் சிரிக்கறான்னு பார்க்கறேன்."

டிரைவர் அதுவரை நின்றுகொண்டே இருந்தார். வக்கீலம்மா அவரைப் பிடிக்கக் கை நீட்டுவதற்குள் முழங்கால் மடங்கித் தரையில் சரிந்தார்.

*

மேனேஜர் கண் திறந்தபோது பக்கத்துக் கட்டிலில் இன்னொரு டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் வழியாகவே பார்த்துக்கொண்டு போனவர், அது முடிகிற கையைப் பார்த்து, அந்த முகத்தையும் பார்த்தார்.

"நீங்க ஏன் படுத்திருக்கீங்க?"

"உன் ஊசியை நான் போட்டுக்கிட்டேன். என்னுதை நீ."

அவர் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு போர்வையை முகத்துக்கு இழுத்தார். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு."

"சிரிச்சீங்களா?"

"இல்ல."

போர்வை கண் வரைக்கும் இறங்கியது. "உங்களோடது?"

"அதுவும்தான். நானே சொல்லிட்டேன். இன்ஸ்பெக்டர் முன்னாடி."

"ஐயோ. பஸ்?"

"வேற யாராவது ஓட்டுவாங்க." அவர் டிரிப் போடாத கையை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நீட்டினார். எட்டவில்லை, விரல்கள் மட்டும் கம்பியைத் தொட்டன. "கண்ணை மூடாத. விடியற வரைக்கும் உன்னைத் தூங்க விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எங்கிட்ட ஏதாவது பேசிக்கிட்டே இரு."